நாலடிக்கு டைல்ஸ்

என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து மூன்றாவது வருஷம், வைகாசி மாதத்தில், டாக்டர் எங்கள் வீட்டை விற்றுவிடச் சொன்னார். அந்த வார்த்தையில் அவர் சொல்லவில்லை. ஈரம் இருக்கிற வீட்டில் வைத்திருந்தால் இந்த மழைக்காலத்தை இவர் தாண்டுவது கஷ்டம் என்றுதான் சொன்னார். எங்களுக்கு இருந்தது ஒரே வீடு. அது ஈரமான வீடு. வேறெப்படி எடுத்துக்கொள்ள முடியும்?

அவர் காக்களூர் தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். வார்த்து ஆறிய இரும்பின் மேல் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டி உதிர்ப்பது அவர் வேலை. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நானும் அதே பேட்டையில்தான், வேறொரு கம்பெனியில், மாத்திரை அட்டைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் அடுத்தவர் நெல் வயலில் கூலிக்குப் போனவர்கள். சொந்தமாக ஒரு மனை என்பது எங்களோடுதான் தொடங்கியது. திருநின்றவூரில் மனை மலிவாகக் கிடைத்த காலத்தில் வாங்கி, ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை என்று கட்டினோம். பத்திரம் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. பிள்ளை பிறக்கவில்லை.

கட்டிய புதிதில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். பிறகு ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டார்கள். சில வருஷம் கழித்து அதன் மேல் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் எங்கள் வாசலில் ஒரு படி குறைந்தது. கடைசியில் தெருவிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகும்படி ஆயிற்று. சுற்றிலும் வெற்று மனையாகக் கிடந்த இடமெல்லாம் வீடுகள் வந்து, ஏரிக்குப் போன மழைத்தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. பலமாக மழை பிடித்தால் தண்ணீர் முதலில் பாத்ரூம் ஓட்டை வழியாக மேலே வரும். அதற்குப் பிறகுதான் வாசல் வழியாக வரும். ஒரு வருஷம் என் இடுப்பு உயரத்துக்கு நான்கு நாள் நின்றது. வடிந்த பிறகு சுவர் முழுக்க ஒரே மட்டத்தில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது.

வீட்டு புரோக்கர் ஒருவரைப் பிடித்தோம். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். ஒவ்வொரு அறையிலும் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். பாத்ரூமில் குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"யக்கா, ஆடில ஒருத்தரும் ஊடு பாக்க வர மாட்டாங்க. ஆனிக்குள்ள முடிக்கணும். உட்டா ஆவணி. அதுக்கப்பறம் ஒரு மழ புடிச்சிதுன்னா தெருவ பாத்துட்டு அப்டியே திரும்பிடுவாங்க."

அந்தக் கோட்டை முதலில் மறைக்க வேண்டும் என்றார். பெயிண்டர் வந்தார். பூசணம் பூத்த இடங்களைச் சுரண்டி, பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, மேலே சந்தன நிறத்தில் இரண்டு பூச்சு பூசினார். வீடு எனக்கே வேறு வீடாகத் தெரிந்தது. எட்டாவது நாள் காலையில் எழுந்து பார்த்தேன். அதே உயரத்தில், அதே கோடு, பெயிண்டுக்கு மேல் லேசாகக் கசிந்திருந்தது. பெயிண்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "செவுரு தண்ணி குடிச்சிருக்குதும்மா. மேல இன்னா அடிச்சாலும் கக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் புரோக்கர் டைல்ஸ் யோசனை சொன்னார். தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு எல்லாச் சுவரிலும் வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிட்டால் கோடும் தெரியாது, ஈரமும் தெரியாது, பார்க்கிறவர்களுக்கும் பளிச்சென்று இருக்கும். டைல்ஸ் அறுத்தால் தூசி பறக்கும் என்று நான் சொன்னேன். உள்ளே கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். டைல்ஸ் வேலை நடக்கும் நாலு நாளும் தான் ரயில்வே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னார்.

வீட்டில் இருந்தது மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் மெஷின், வாடகைக்கு எடுத்தது. வெளியே போவதென்றால் ஒரு சின்ன சிலிண்டர். அது ஒன்றரை மணி நேரம் தாங்கும். குழாய் இல்லாமல் அசையாமல் உட்கார்ந்தால் இன்னும் ஒரு அரை மணி நேரம் சமாளிப்பார். தெருமுனையில் நிற்கும் ஒரு ஆட்டோக்காரர், எங்களுக்குப் பல வருஷப் பழக்கம், இவரைத் தூக்கி உட்கார வைத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார். மெஷினுக்குக் கொடுக்கிற வாடகை இல்லாமல் அங்கே காற்று சும்மா கிடைக்கிறது என்று இவர் சிரித்துக்கொண்டு சொல்வார். டைல்ஸ் அறுக்கும் மெஷின் ஓடும் நேரம் பார்த்து வெளியே இருந்துவிட்டு, நிறுத்தியதும் வருவார். அப்படியும் நாலாவது நாள் இருமலில் ரத்தம் கலந்து வந்தது. நான் துணியை அலசிப் போட்டேன்.

டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் புரோக்கர் மறுபடி வந்து, வீட்டில் எதை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஃபிரிட்ஜுக்கு அடியில் உயரத்துக்காக நான் வைத்திருந்த சிமெண்ட் கல்லை எடுக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் அலமாரிகளின் கீழ்த்தட்டு எப்போதும் காலியாகத்தான் இருக்கும். தண்ணீர் வரும் என்று எதையும் கீழே வைக்கப் பழகவில்லை. அதில் பாத்திரமும் துணியும் நிரப்பச் சொன்னார். கீழ்த்தட்டு காலியாக இருந்தால் விவரம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும் என்றார். அரிசி டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, மறுபடி தூக்கி, மறுபடி வைத்தேன்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கிளம்பாமல் நின்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, வருகிறவர்கள் அண்ணனைப் பார்க்காமல் இருந்தால் நல்லது என்றார். இந்த வீட்டில் இருந்ததால்தான் இப்படி ஆயிற்றோ என்று நினைப்பார்கள், ராசி இல்லாத வீடு என்பார்கள் என்றார். எனக்கு அந்த ஆளை வெளியே போகச் சொல்லத் தோன்றியது. அதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது.

"அவரு சொல்றது சரிதாம்மே. நானே ஊடு வாங்க போயி, இப்டி ஒருத்தன் குந்திகினு இருந்தா, ஓடியாந்துருப்பேன்."

அதற்குப் பிறகு அதுவே வழக்கமானது. ஆள் வருகிறார்கள் என்று போன் வந்தால் ஆட்டோவைக் கூப்பிடுவேன். அவரைச் சின்ன சிலிண்டரோடு ஸ்டேஷனுக்கு அனுப்புவேன். ஆட்டோக்காரர் கூடவே இருந்து, நான் போனில் சொன்ன பிறகுதான் திருப்பிக் கூட்டி வருவார். மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பழைய சேலையால் மூடுவேன். எக்ஸ்ரே கவர்கள், மருந்து டப்பா, துப்புகிற கிண்ணம், எல்லாம் பீரோவுக்குள் போய்விடும். பினாயில் போட்டுத் தரையைத் துடைத்து, மருந்து வாசனை போகக் காபி போட ஆரம்பிப்பேன். ஒரு மனிதர் இருந்த அடையாளம் இல்லாமல் வீட்டைத் துடைத்து வைக்க எனக்கு இருபது நிமிஷம் போதும் என்று ஆனது.

ஆனியில் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் வாசல் திசை சரியில்லை என்றார். ஒருவர் தெருவில் நின்றபடியே, இறங்கு வாசல் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். ஆடி முழுக்க யாரும் இல்லை. அந்த மாதத்தில் ஒரு நாள் இவர் என்னிடம் கேட்டார்.

"தண்ணி வருமான்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

யாரும் கேட்கவில்லையே என்றேன். கேட்டால் என்று மறுபடி கேட்டார். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆவணி பிறந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் தம்பதி வந்தார்கள். அவனுக்கு அம்பத்தூரில் வேலை. அவளுக்கு ஊர் கும்மிடிப்பூண்டிப் பக்கம். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. கணவன் கூரையையும் மீட்டரையும் போர்த் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நேராக ஹாலில் உட்கார்ந்துவிட்டாள். டைல்ஸைத் தடவிப் பார்த்தாள். குழந்தை சுவரெல்லாம் கிறுக்குகிறது, வாடகை வீட்டு ஓனரிடம் தினமும் திட்டு, இந்த டைல்ஸ் என்றால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் அப்பா அங்கே தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, வந்ததில் ஒரு பங்கை மகளுக்கு வீட்டுக்காகத் தந்திருந்தார்.

"எங்க நைனா சொல்லிட்டாருக்கா. நெலமா இருந்தது ஊடா ஆவணும், செலவா ஆவக் கூடாதுன்னு."

வழக்கமாக வருகிறவர்கள் கால் மணி நேரத்தில் போய்விடுவார்கள். இவர்கள் போகவில்லை. குழந்தை என் கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டது. கட்டிலுக்கு அடியில் மெஷின் இருந்தது. அவள் சமையலறையில் நின்று எந்த இடத்தில் மிக்ஸி, எந்த இடத்தில் சாமி படம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஒன்றேகால் ஆயிற்று. வெளியே புரோக்கரும் அவனும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் போன் அடித்தது. ஆட்டோக்காரர். அதே நேரத்தில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க சொன்னா சரியா இருக்கும். மழைக்கி இங்க தண்ணி வருமா?"

போன் கையில் அடித்துக்கொண்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை. "தெருவுல கொஞ்சம் நிக்கும். ரெண்டு நாள்ல வடிஞ்சிடும். உள்ள வராது" என்றேன். மனப்பாடம் செய்ததுபோல வந்தது. நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

அவள் உடனே நம்பினாள். போன் நின்றது. மறுபடி அடித்தது. எடுங்கக்கா என்று அவளே சொன்னாள். யாரோ லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என்று சொல்லி அணைத்து வைத்தேன். அட்வான்ஸ் கைமாறி, அவர்கள் குழந்தையை எழுப்பித் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டும் வரைக்கும் வாசலில் நின்று சிரித்தேன். அதற்குப் பிறகு ஓடினேன்.

ஸ்டேஷனில் அவர் பெஞ்சில் சரிந்து கிடந்தார். உதடு நீலமாகியிருந்தது. ஆட்டோக்காரர் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்த செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், எத்தனை தடவை போன் போட்டேன் என்று மட்டும் கேட்டார். ஆட்டோவிலேயே திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒன்பது நாள் படுக்கையில் இருந்தார். மூன்றாவது நாள் கண் திறந்து, வாய் மேல் இருந்த மாஸ்கை விலக்கி, முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

"கேட்டாங்களா?"

"கேக்கல" என்றேன். அவரிடமும் அதே மாதிரி, யோசிக்காமலேயே வந்தது. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாஸ்கை மறுபடி மாட்டிக்கொண்டார்.

பத்திரப் பதிவுக்கு அவர் நேரில் வந்தே ஆக வேண்டியிருந்தது. அவரை மறைத்து வைக்க இனி வழியில்லை. பதிவு அலுவலகத்தில் ஆட்டோவிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றி, மடியில் சிலிண்டரை வைத்து, மூக்கில் குழாயோடு உள்ளே தள்ளிப் போனேன். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். அண்ணனுக்கு என்ன என்று என்னிடம் கேட்டாள். கம்பெனித் தூசி, ரொம்ப நாளாக இருக்கிறது என்றேன். அது உண்மைதான். அவள் முகத்தில் சந்தேகம் எதுவும் வரவில்லை. இரக்கம்தான் வந்தது. தன் நாற்காலியை நகர்த்தி, ஃபேனுக்கு நேராக இவரைத் தள்ளச் சொன்னாள்.

போட்டோ எடுக்கும்போது முகம் முழுதாகத் தெரிய வேண்டும் என்று குழாயைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன். கேமராவைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி இருந்தார். விரல் ரேகை முதல் தடவை பதியவில்லை. மணலில் தேய்ந்த விரல்கள். எண்ணெய் தொட்டுத் துடைத்து நாலாவது தடவை பதிந்தது.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அவர் கையை அசைத்து அந்தப் பெண்ணைக் கிட்டே கூப்பிட்டார். நாற்காலியைப் பிடித்திருந்த கையை எடுக்காமல் நின்றேன். அவள் குனிந்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மாடி எடுங்கம்மா. மேல ஒரு ரூம்பாவது எடுங்க. சீக்கிரமா எடுங்க."

அவள் அதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டாள். "எடுக்கணும்ணா. ரெண்டு வருஷம் போவட்டும். மொதல்ல இதுல நிம்மதியா இருந்துக்கறோம்" என்று சிரித்தாள். இவர் மேலே ஏதாவது சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டோவில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

திருவள்ளூரில் முதல் மாடியில் ஒரு வாடகை வீடு எடுத்தோம். வெயில் நன்றாக வரும். சுவரில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. படியேறுவதற்கு அவரை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அவர் உயிரோடு அந்தப் படியில் இறங்கவில்லை.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. ஐப்பசியில் இரண்டு நாள் தூறியது, அவ்வளவுதான். ஜன்னலருகில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். அங்கேயே இருந்திருக்கலாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான்தான் தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கார்த்திகை முதல் வாரம், மதியம், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். மெஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எனக்கு உடனே தெரியவில்லை. உலர்ந்த வீடு என்று நான் தேடிப் பிடித்த வீட்டில் அவர் இருந்தது இரண்டு மாதம்.

அடுத்த வருஷம் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாவது நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு என் போன் அடித்தது. அந்தப் பெண்ணின் பெயர். இந்தத் தடவை எடுத்தேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். பின்னால் குழந்தை அழுவது கேட்டது. தண்ணீரில் யாரோ நடக்கும் சத்தமும் கேட்டது. அவள் குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"அக்கா, உள்ள வந்துடிச்சி. முட்டி வரைக்கும் இருக்குது. எது வரைக்கும் ஏறும்னு உங்களுக்கு தெரியும் இல்ல? அத மட்டும் சொல்லுங்க."

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. டைல்ஸ் முடிகிற இடத்துக்கு ஒரு முழம் கீழே வரைக்கும் வரும் என்றேன். அவள் சுவரைப் பார்த்திருப்பாள். பிறகு நான் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னேன். கேஸ் சிலிண்டரின் டியூபைக் கழற்றி அடுப்பு மேடை மேல் ஏற்றச் சொன்னேன். பாத்ரூம் ஓட்டையில் துணி சுற்றிய மணல் மூட்டை வைத்தால் கொஞ்ச நேரம் தாமதமாகும் என்றேன். குழந்தையோடு பின்பக்கத்து மாடி வீட்டுக்குப் போய்விடச் சொன்னேன், அவர்கள் எப்போதும் ஏற்றுக்கொள்வார்கள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் சரிக்கா, சரிக்கா என்றாள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் கற்றுக்கொண்டதையெல்லாம் அப்போதுதான் அவளுக்குக் கொடுத்தேன்.

கடைசியில், அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். போன வருஷமே போய்விட்டார் என்றேன். சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மழை விட்டு ஒரு வாரம் கழித்து, குழந்தைக்கு ஒரு பிஸ்கெட் பாக்கெட் வாங்கிக்கொண்டு ரயிலேறிப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒரு வார்த்தையும் அமையவில்லை. தெருமுனையிலேயே அவர்கள் வீடு தெரிந்தது. காம்பவுண்டு சுவரில் மெத்தை காய்ந்துகொண்டிருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து, ஊறி உப்பிப்போன அலமாரிக் கதவு ஒன்றைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்றது. அவள் நிமிரவில்லை. நான் கொஞ்ச நேரம் நின்றேன். கிட்டே போகவில்லை. பிஸ்கெட் பாக்கெட்டோடு திரும்பி ஸ்டேஷனுக்கு வந்து அடுத்த ரயிலைப் பிடித்தேன்.